ஸ்ட்ராவின்ஸ்கி பிறந்தநாள்: ஜூன் 5, 17, 18-இல் எது சரி?

கேள்வி: பிறந்தநாள் பட்டியல் ஒன்று தயாராகிறது. இசையமைப்பாளர் ஸ்ட்ராவின்ஸ்கிக்கு மூன்று தேதிகள் கிடைக்கின்றன. எதைப் போடுவது?

பதில் 1: ஜூன் 17 போடுங்க. 1882 ஜூன் 5 என்பது ரஷ்யாவின் பழைய ஜூலியன் கணக்கு. இன்று நாம பயன்படுத்தும் கிரிகோரியன் கணக்குக்கு மாற்ற, 19ஆம் நூற்றாண்டுத் தேதிக்கு 12 நாள் கூட்டணும். ஜூலியன் 1900 மார்ச் 1 முதல் 13 நாள், ஏன்னா 1900 ஜூலியனில் லீப் வருடம், கிரிகோரியனில் இல்லை. லெனின்: 1870 ஏப்ரல் 10, அதாவது 22. இசையமைப்பாளர் ஷோஸ்டகோவிச்: 1906 செப்டம்பர் 12, அதாவது 25. எல்லோருக்கும் கண்ணை மூடிக்கிட்டு 13 கூட்டுவதுதான் வழக்கமான தப்பு.

பதில் 2: 18-க்கும் காரணம் உண்டு. இடைவெளி 13 ஆனபின் ஸ்ட்ராவின்ஸ்கியே 18-ஆம் தேதிதான் கொண்டாடினார். பட்டியலில் 17, அடிக்குறிப்பில் 18. அதுதான் நியாயம்.

பதில் 3: ஏற்கெனவே மாற்றிய தேதியை மறுபடி மாற்றிடாதீங்க. கிழமையை வைத்துச் சரிபாருங்க, இரண்டு கணக்கிலும் கிழமை ஒன்றுதான். அக்டோபர் புரட்சி 1917 அக்டோபர் 25, புதுக் கணக்கில் நவம்பர் 7. இரண்டுமே புதன். சோவியத் ரஷ்யாவில் 1918 ஜனவரி 31-க்கு மறுநாளே பிப்ரவரி 14. இடைப்பட்ட தேதி ஏதாவது கண்ணில் பட்டால் எந்தக் கணக்கு என்று கட்டாயம் பாருங்க.