ஒலியடக்கியுடனேயே வரும் .22 துப்பாக்கிகள்: அனுபவமுள்ளோரிடம் ஒரு வேண்டுகோள்

அனைவருக்கும் வணக்கம். நியூசிலாந்தின் ஒட்டாகோ பகுதியில், வேட்டைக் கருவிகள் விற்கும் கடையொன்றின் கொள்முதலைக் கவனிக்கிறேன். இங்குள்ள பண்ணையாளர்களுக்கு முயல் தீராத தலைவலி. 1997இல் சிலர் முயலைக் கொல்லும் நோய்க்கிருமியைச் சட்டவிரோதமாகக் கொண்டுவந்து பரப்பியும் முயல் ஒழியவில்லை. ஆகவே .22 ரிம்ஃபயர் (சிறு தோட்டாவின் அடிவிளிம்பைத் தட்டிச் சுடும் வகை) துப்பாக்கி ஏறத்தாழ ஒரு பண்ணைக் கருவியாகவே இருக்கிறது. ஒலியடக்கி வாங்கத் தனி அனுமதியும் வேண்டியதில்லை.

குழலோடு ஒலியடக்கியைத் தொழிற்சாலையிலேயே இணைத்த வகையை வரவழைக்கலாமா என்பதே என் குழப்பம். நொடிக்குச் சுமார் 340 மீட்டர் என்னும் ஒலிவேகத்தைத் தாண்டாத தோட்டாவைப் பயன்படுத்தினால்தான் இவற்றின் முழுப் பயன் தெரியும். தாண்டினால் தோட்டா எழுப்பும் வெடிப்பொலியை எந்த ஒலியடக்கியாலும் தடுக்க முடியாது. மரை வெட்டிய குழலில் மலிவான ஒலியடக்கியைத் திருகிக்கொள்ளும் வசதி இங்கிருக்க, கூடுதல் விலை கொடுப்பார்களா என்பது எனக்கு ஐயமே.

அமெரிக்காவின் நிலை வேறு. ஒலியடக்கிக்கு 1934 முதல் இருந்த 200 டாலர் வரி 2026 ஜனவரியில் நீங்கினாலும் பதிவு நடைமுறை தொடர்கிறது. ரூகர் 10/22 என்னும் .22 துப்பாக்கிக்கான, ஒலியடக்கி இணைந்த குழலை அங்கே பயன்படுத்தியவர்கள், உள்ளே படியும் ஈயக் கசடை எப்படி அகற்றுகிறீர்கள், எத்தனை தோட்டாக்களுக்கு ஒருமுறை கழற்றுகிறீர்கள் என்று தெரிவித்தால் பேருதவியாக இருக்கும். இங்குள்ள பண்ணையாளர்கள் எவரேனும் இவ்வகையை வாங்கியிருந்தால், மீண்டும் வாங்குவீர்களா என்பதையும் எழுதுங்கள்.