கிளி விரட்டும் ஸ்பீக்கரின் ரிமோட்: இருட்டில் எந்தப் பட்டன் எது?

உரும்பிராய்த் தோட்டம்:
முந்திரிகை (திராட்சை) பந்தலில் கிளி விரட்ட, வேட்டைக்காரர் பாவிக்கிற, பருந்து நரி எல்லாம் கத்தும் ஸ்பீக்கர் ஒன்றை மச்சான் வெளிநாட்டிலிருந்து அனுப்பினவர். சத்தம் திறம், ரிமோட்தான் தலையிடி. எல்லாப் பட்டனும் ஒரே அளவு, விடியப்புறம் தடவித் தடவி நிறுத்துவதற்கு அமத்தினால் சத்தம் கூடி அயலில் உள்ள நாய்கள் எல்லாம் எழும்பிவிடுகின்றன. திரையில் வெறும் இலக்கம்தான், அதுவும் வெயிலில் தெரியாது. பந்தலுக்கு மறுபக்கம் போனால் வேலையே செய்யாது. என்ன செய்யலாம்?

ரேடியோ பைத்தியம்:
அண்ணை, முதலில் பட்டரியை மாத்துங்கோ. அந்தச் சின்ன 12 வோல்ட் பட்டரி இறங்கினாலும் லைட் எரியும், ஆனால் சிக்னல் தூரம் போகாது. ரிமோட் பாவிக்கிற ரேடியோ அலைவரிசை 433 மெகாஹேர்ட்ஸ் என்றால் ஸ்பீக்கருக்குள் ஏறத்தாழ 17 செ.மீ. வயர்தான் அன்டெனா, அது சுருண்டு கிடந்தால் நிமிர்த்திவிடுங்கோ. 2.4 கிகாஹேர்ட்ஸ் என்றால் ஈர இலையே பாதியை விழுங்கிவிடும், ஸ்பீக்கரைப் பந்தலுக்கு மேலே உயர்த்திக் கட்டுவதுதான் வழி.

இணுவில் தம்பி:
நிறுத்தும் பட்டனில் நெயில் பொலிஷ் ஒரு பொட்டு தடிப்பாக வையுங்கோ, காய்ந்தால் விரலில் தட்டுப்படும். தேவையில்லாத பட்டன்களைக் கறுப்பு ஒட்டு ரேப்பால் மூடிவிடுங்கோ. பட்டனுக்கு வடிவம் வைக்காமல் செய்தவன் ஒரு நாளும் இருட்டில் தோட்டத்துக்குப் போயிருக்கமாட்டான்!

சும்மா வாசிக்கிறவர்:
ரிமோட் சரிவந்தாலும் ஒரே பருந்துச் சத்தத்தைப் போட்டுக்கொண்டிருந்தால் கிளி பழகிவிடும். சத்தத்தையும் இடத்தையும் மாத்திக்கொண்டிருக்க வேண்டும். எனக்கென்றால் வலைதான்.

உரும்பிராய்த் தோட்டம்:
நெயில் பொலிஷ் மனுசியிடம் இருக்கு, கேட்டுப் பார்க்கிறேன். வலைக்கு என்ன அளவு கண் வேண்டும்?