பெல்ட் அறுந்து வண்டி நின்ற அனுபவங்கள்: உங்களுக்கு எங்கே, எப்படி?

உச்சிப்புளிக்காரன்

அரிச்சல்முனை பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தோம். அப்பா வாங்கிய பழைய டீசல் கார். கம்பிப்பாடு பக்கம் வரும்போது முன்னால் பனைமட்டை விழுந்ததுபோல் ‘பட்’டென்று ஒரு சத்தம், எஞ்சின் நின்றுவிட்டது. ஒரு பக்கம் பெண் கடல், மறுபக்கம் ஆண் கடல், நடுவில் நாங்கள். கடை இல்லை, நிழல் இல்லை.

என்னை இன்றுவரை விடாமல் பிடித்திருப்பது அடுத்து நடந்ததுதான். சாவியைத் திருப்பினேன். எப்போதும் ‘உர்... உர்...’ என்று முக்கி முக்கி இழுக்கிற செல்ஃப், அன்றைக்குத் தையல் மிஷின்போல ‘விர்ர்’ என்று ஒரே சீராகச் சுற்றியது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த மாமாவுக்கு ஒரே சந்தோஷம். “பேட்டரி நல்ல தெம்பாக இருக்கிறது மாப்பிள்ளை, இன்னும் அடியுங்கள்” என்றார். அடித்தேன். பதினைந்து தடவையாவது அடித்திருப்பேன். பிறகு மீன் ஏற்ற வந்த பையன்கள் நான்கு பேர் இறங்கித் தள்ளினார்கள். மூன்றாவது கியரில் போட்டுக் கிளட்சை விட்டேன். வண்டி ஒரு குலுக்குக் குலுக்கியது, அவ்வளவுதான்.

இராமநாதபுரத்துக்குக் கட்டி இழுத்துக்கொண்டு போனோம். எஞ்சினுக்குள் பிஸ்டனும் வால்வும் முறை தப்பாமல் ஓடவைக்கும் டைமிங் பெல்ட் அறுந்திருந்தது. எஞ்சினின் மேல்பாகமான ஹெட்டைக் கழற்றினால், காற்றை உள்ளேயும் புகையை வெளியேயும் விடுகிற எட்டு வால்வில் நான்கு வளைந்திருந்தன. அவை பெல்ட் அறுந்த நொடியிலேயே வளைந்தனவா, நான் செல்ஃப் அடித்ததில் வளைந்தனவா? இதைச் சரியாகச் சொல்லும் ஒருவரை இன்னும் நான் பார்க்கவில்லை.

தங்கச்சிமடம் டீச்சர்

எனக்கு நடந்தது பாம்பன் சாலைப் பாலத்தில். பக்கத்தில் ரயிலுக்கு 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாலத்தின் தூக்கும் பகுதி அன்றைக்கு மேலே ஏறிக்கொண்டிருந்தது. அதைப் பார்க்க ஆளாளுக்கு வண்டியை நிறுத்திவிட்டார்கள், பின்னால் நான். அந்த நெரிசலில் டேஷ்போர்டில் பேட்டரி விளக்கு சிவப்பாக எரிந்தது. ஸ்டீயரிங் கல்லாக இறுகிவிட்டது. ஏ.சி. காற்று சுடக் காய்ந்தது. எஞ்சின் மட்டும் ஓடிக்கொண்டே இருந்தது. பாலத்தில் நிற்கப் பயந்து, வெப்பம் காட்டும் முள் ஏறுவதைப் பார்த்தபடியே மண்டபம் வரை ஓட்டிவந்து நிறுத்தினேன். ஆறட்டும் என்று அணைத்தேன். அரை மணி நேரம் கழித்துச் சாவியைத் திருப்பினால் ‘டக், டக்’ மட்டும்தான்.

டீக்கடையில் இருந்த அத்தனை பேரும் “டைமிங் பெல்ட் போய்விட்டது டீச்சர், முப்பதாயிரம் செலவு” என்றார்கள். வயிற்றைக் கலக்கிவிட்டது. பானெட்டைத் திறந்தால் ஓரமாக, காய்ந்த வாளைக் கருவாடுபோல ஒரு கறுப்புத் துண்டு தொங்குகிறது. எஞ்சினுக்கு வெளியே ஓடும் ஃபேன் பெல்ட்! பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் டைனமோ சுற்றாததால் பேட்டரி காலி, வேறொன்றும் இல்லை. பெல்ட் மாற்றி, வேறு பேட்டரியிலிருந்து ஒயர் போட்டதும் முதல் திருப்பிலேயே கிளம்பியது. ஆகவே பெல்ட் என்றவுடன் யாரும் பதறவேண்டாம்.

லாஞ்சு டிரைவர்

டீச்சர், உங்கள் கதையும் அந்தத் தம்பியின் கதையும் ஒன்றல்ல. உங்களுடையது காய்ச்சல், அவருடையது எலும்பு முறிவு. அவரிடம் போய்ப் பதறவேண்டாம் என்றால் எப்படி? உங்களுக்குச் செல்ஃப் சுற்றவே இல்லை. அவருக்குத் தேவைக்கு மேல் சுற்றியிருக்கிறது. காற்றை அமுக்கும் எதிர்ப்பு உள்ளே இருந்தால்தானே செல்ஃப் முக்கும்? வால்வு திறந்தபடி நின்றுவிட்டால் எதிர்ப்பு ஏது?

தம்பி, வளைந்தது அறுந்த நொடியில்தான். வால்வுகளைத் திறந்து மூடும் கேம் தண்டு நின்றுவிட்டது, பிஸ்டன்களோடு சேர்ந்து ஓட்டத்தில் இருக்கும் கிராங்க் தண்டு நிற்காது. திறந்து நின்ற வால்வுகளைப் பிஸ்டன் முதல் ஓரிரு சுற்றிலேயே இடித்திருக்கும். செல்ஃபைத் திட்டாதீர்கள். மூன்றாவது கியரில் தள்ளினீர்களே, அதுதான் முட்டாள்தனம். என் விசைப்படகு எஞ்சினில் பெல்ட்டே கிடையாது, பல்சக்கரம். நடுக்கடலில் அறுந்தால் யார் வந்து தள்ளுவது?

கீழக்கரை மஜீத்

என்னுடையது சின்னக் கதை. ஆறு ஆண்டு துபாயில் இருந்தேன், கார் வீட்டு ஷெட்டில் இருந்தது. மொத்தமே 28,000 கிலோமீட்டர். ஊருக்கு வந்த மூன்றாம் நாள் ஏர்வாடி போகும் வழியில் பெல்ட் போனது. “இவ்வளவு குறைவாக ஓடிய வண்டியிலா?” என்று நான் கேட்டதற்கு, மெக்கானிக் காக்கா பெல்ட்டை விரலால் மடித்துக் காட்டினார். முதுகெல்லாம் வெடிப்பு. ரப்பருக்குக் கிலோமீட்டரும் கணக்கு, வயதும் கணக்கு. வண்டிக்கு வண்டி மாறினாலும் பொதுவாக 60,000 முதல் 1,00,000 கிலோமீட்டர், அல்லது நாலைந்து ஆண்டு. எது முதலில் வருகிறதோ அது.

இனி எல்லோருக்கும் சொல்கிறேன். வண்டி நின்றதும் எண்ணெய் ஊற்றும் மூடியைத் திறந்து டார்ச் அடியுங்கள். பல வண்டிகளில் கேம் தெரியும். வேறொருவரை ஒரே ஒரு தடவை, ஒரு நொடி மட்டும் சாவியைத் திருப்பச் சொல்லுங்கள். கேம் அசையவில்லை என்றால் தீர்ந்தது, மறுபடி திருப்பக்கூடாது. மேல் கவரைக் கழற்றிப் பார்த்துப் ‘பெல்ட் முழுசாகத்தானே இருக்கிறது’ என்றும் ஏமாறாதீர்கள். கீழே கிராங்க் பக்கம் பல் மட்டும் சீவிப்போய், மேலே பெல்ட் நல்லபிள்ளையாக நிற்கும்.

உடனே ஹெட்டைக் கழற்றச் சம்மதிக்காதீர்கள். சில பெட்ரோல் எஞ்சின்களில் பிஸ்டனும் வால்வும் தொடவே தொடாது. புது பெல்ட் போட்டாலே போதும். டீசலில் அந்த ஆசை வேண்டாம். சக்கரங்களில் உள்ள குறிகளைப் பொருத்திப் பெல்ட்டை மாட்டி, ஸ்பேனரால் கிராங்கைக் கையால் இரண்டு சுற்றுச் சுற்றச் சொல்லுங்கள். கிராங்க் இரண்டு சுற்றினால்தான் கேம் ஒரு சுற்று. எங்காவது முட்டினால் நிறுத்திவிடவேண்டும். முட்டாவிட்டாலும் வால்வு இலேசாக வளைந்திருக்கலாம். இரண்டு வால்வும் மூடியிருக்கும் நிலையில் சிலிண்டருக்குள் காற்றை ஏற்றிக் காது கொடுங்கள். காற்று உறிஞ்சும் குழாயில் ‘ஸ்ஸ்’ என்றால் உள் வால்வு, சைலன்சரில் என்றால் வெளி வால்வு, எண்ணெய் மூடியில் வந்தால் பிஸ்டன் ரிங். அறுந்ததற்குக் காரணத்தையும் தேடுங்கள். பெல்ட்டை இழுத்துப் பிடிக்கும் டென்ஷனரின் பேரிங் இறுகியிருக்கலாம், எண்ணெய் கசிந்து ரப்பர் ஊறியிருக்கலாம், சில வண்டிகளில் வாட்டர் பம்பையும் இதே பெல்ட்தான் சுற்றும். அதை விட்டுவிட்டுப் பெல்ட்டை மட்டும் மாற்றினால் காசு கடலில் போட்டதுதான்.

சாயல்குடி ரவி

மஜீத் காக்கா, உச்சிப்புளித் தம்பி கேட்டது ஒரு கேள்வி, நீங்கள் நடத்தியது ஐ.டி.ஐ. வகுப்பு.

லாஞ்சு அண்ணன் ஃபேன் பெல்ட்டைக் காய்ச்சல் என்று ஒதுக்குகிறார், அதை நான் ஒப்ப மாட்டேன். கிழக்குக் கடற்கரைச் சாலையில் வாலிநோக்கம் விலக்குத் தாண்டியதும் எனக்கு அறுந்தது ஃபேன் பெல்ட்தான். டீச்சரைப்போலவே பேட்டரி விளக்கு எரிந்தது. ‘சாயல்குடி போய்விடலாம்’ என்று ஓட்டினேன். இரண்டு கிலோமீட்டர் போவதற்குள் ‘கடகட’வென்று இரைந்து எஞ்சினே நின்றது. சீமைக் கருவேல நிழலில் வண்டியைத் தள்ளி நிறுத்தினோம். மெக்கானிக் கீழே படுத்துக்கொண்டு கிராங்க் புல்லியிலிருந்து கறுப்பு நூலை இழுக்கிறார், இழுக்கிறார், வந்துகொண்டே இருக்கிறது, பம்பரத்துச் சாட்டைபோல. ஃபேன் பெல்ட்டின் நார் கவருக்குள் போய்ச் சுற்றி, டைமிங் பெல்ட்டை இடம் தள்ளிவிட்டிருக்கிறது. முந்நூறு ரூபாய்ப் பெல்ட், நாற்பதாயிரம் செலவு. விளக்கு எரிந்ததும் நின்றிருந்தால் தப்பியிருப்பேன். மண்டபம் வரை ஓட்டிய டீச்சருக்கு அதிர்ஷ்டம்.

தங்கச்சிமடம் டீச்சர்

இதைப் படித்தபிறகுதான் எனக்குக் கை நடுங்குகிறது. பாலத்தில் நடுவே நின்றிருந்தால் பின்னால் இருந்த பஸ்காரர் என்ன சொல்லியிருப்பார் என்பதையும் யோசியுங்கள்.

உச்சிப்புளிக்காரன்

லாஞ்சு அண்ணே, செல்ஃப்மேல் தப்பில்லை என்றீர்கள், கொஞ்சம் நிம்மதி. தள்ளியதற்குத் திட்டியதையும் வாங்கிக்கொள்கிறேன். மஜீத் காக்கா, அந்த மூடியைத் திறந்து பார்க்கும் வேலை அன்றைக்குத் தெரிந்திருந்தால் பையன்களைக் கூப்பிட்டிருக்கவே மாட்டேன்.

வளைந்த வால்வு ஒன்றை வாங்கி வந்து டி.வி. மேல் வைத்திருக்கிறேன். தண்டு இலேசாகத்தான் கோணியிருக்கிறது; மேஜையில் உருட்டிவிட்டால்தான் தெரியும். போன வாரம் மாமா வந்தார், எடுத்து உருட்டிப் பார்த்தார், வைத்தார். “இருந்தாலும் அது நல்ல பேட்டரி மாப்பிள்ளை” என்றார்.