33 வாரக் கர்ப்பம், இடுப்பு வலி: எந்த மாத்திரை கொடுக்கலாம்?

சேரன்மாதேவிக்காரன்:
மைனிக்கு 33 வாரம், இடுப்பு வலி தாங்கல. மருந்துக்கடையில ஐபுப்ரோஃபனும் பாராசிட்டமாலும் சேர்ந்த மாத்திரை கொடுத்தாவ. "முன்னால போட்டதுதானே"ன்னு வீட்ல சொல்லுதாவ. கொடுக்கலாமா? ராத்திரி நெஞ்செரிச்சலும் இருக்கு.

பாளை மருந்தாளுநர்:
கொடுக்காதீங்க. ஐபுப்ரோஃபன்தான் வினை. 20 வாரத்துக்கு மேல அது பிள்ளையோட சிறுநீரகத்தை மந்தமாக்கும். பனிக்குட நீர்ல பெரும்பங்கு பிள்ளையோட மூத்திரம்தான், அதனால தண்ணி குறையும். 2020 அக்டோபர்ல அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை எச்சரிச்சது இதைத்தான். 30 வாரம் தாண்டினா இன்னொரு ஆபத்து: வயித்துக்குள்ள இருக்கிற பிள்ளைக்கு நுரையீரல் வேலை கிடையாது, ரத்தம் அதைச் சுத்திப் போக இதயத்துக்கிட்ட ஒரு குறுக்குக் குழாய் உண்டு. பிறந்த பெறவு மூட வேண்டிய அந்தக் குழாயை இந்த மருந்து முன்னாலேயே சுருக்கிரும்.

டைக்ளோஃபினாக், அசிக்ளோஃபினாக், மெஃபனமிக் ஆசிட் எல்லாம் அதே குடும்பம். வலிக்குத் தடவுற ஜெல்லுலயும் டைக்ளோஃபினாக் வரும், பொடி எழுத்தைப் படிங்க.

டாக்டர்ட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு தனிப் பாராசிட்டமால் 500 மி.கி. ஒண்ணு கொடுங்க. வலி இருந்தா 6 மணி நேரம் கழிச்சு அடுத்தது. சளி மாத்திரையிலயும் பாராசிட்டமால் ஒளிஞ்சிருக்கும், ரெண்டையும் சேத்துப் போட்டா அளவு கூடி ஈரல் கெடும். அந்தக் கூட்டு மாத்திரையில ஒண்ணு ஏற்கெனவே போட்டிருந்தா பதறாண்டாம். நிறுத்திட்டு டாக்டர்ட்ட சொல்லிருங்க.

சேரன்மாதேவிக்காரன்:
டாக்டர் ஆஸ்பிரின் எழுதிருக்காவ, அதையும் நிறுத்தணுமா அண்ணாச்சி?

பாளை மருந்தாளுநர்:
கூடாது. 75 அல்லது 150 மி.கி. குறைந்த அளவு ஆஸ்பிரின் பிரஷர் கோளாறு வராம இருக்க எழுதுறது, அது வேற கணக்கு. எப்ப நிறுத்தணும்னு எழுதினவங்கதான் சொல்லணும்.

நர்ஸ் அக்கா:
நெஞ்செரிச்சலுக்கு கால்சியம் கார்பனேட் மாத்திரை பொதுவா சரிதான். ஆனா இரும்புச்சத்து மாத்திரைக்கும் அதுக்கும் 2 மணி நேரம் இடைவெளி வேணும், இல்லைன்னா இரும்பு உடம்புல ஏறாது. சோடா உப்பு கரைச்சுக் கொடுக்கிற வழக்கத்தை விட்டுருங்க, அதுல சோடியம் அதிகம்.

தம்பி, மாத்திரைக்கு முன்னால ஒண்ணு பாருங்க. வலி ஒரே சீரா இருக்கா, இல்ல விட்டு விட்டு வந்து வயிறு கல்லு மாதிரி இறுகுதா? விட்டு விட்டு வந்தா, நீர் கசிஞ்சா, ரத்தம் பட்டா அது குறைமாசப் பிரசவ வலியா இருக்கலாம். தலைவலியோட கண்ணு மங்குனாலோ, பிரஷர் 140/90 காட்டினாலோ பாராசிட்டமாலைக் கொடுத்துட்டு விடியட்டும்னு இருக்காதீங்க. 108-ஐக் கூப்பிட்டு ஹைகிரவுண்டு பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போங்க, தாய்-சேய் அட்டையும் கையில இருக்கட்டும்.