மறுமொழி: 'மோஷன் ப்ளர்' – அசைவுக்கலங்கல்

> படம் தெளிவில்லை என்றால் 'மங்கல்' என்று சொல்லிவிட்டுப் போகலாமே. புதுச்சொல் எதற்கு?

ஐயா, வணக்கம். படம் எடுக்கும்போது ஏற்படும் அசைவால் உருவம் தெளிவில்லாமல் விழுவதை ஆங்கிலத்தில் 'மோஷன் ப்ளர்' என்கிறார்கள். அதற்குத்தான் 'அசைவுக்கலங்கல்' என்ற சொல்லை முன்வைத்தேன்.

பேச்சில் நானும் 'படம் மங்கலா இருக்கு' என்றுதான் சொல்வேன். பிரிட்டிஷ் அரச குடும்பத்துத் திருமணப் படங்களுக்குக் குறிப்பு எழுத உட்கார்ந்தபோதுதான் அந்தச் சொல் போதவில்லை.

1858 ஜனவரி 25. விக்டோரியா அரசியின் மூத்த மகளுக்குத் திருமணம்; மணப்பெண்ணுக்கு வயது 17. தேவாலயத்துக்குக் கிளம்பும் முன் அரசி, அவர் கணவர் ஆல்பர்ட், மகள் மூவரையும் டாகுரோடைப் என்ற பழைய ஒளிப்பட முறையில் படம் எடுத்தார்கள். வெள்ளி பூசிய செப்புத் தகட்டில் உருவம் பதிய, ஆட்கள் சில நொடிகளாவது ஆடாமல் அசையாமல் இருக்க வேண்டிய காலம் அது. அரசியால் முடியவில்லை. உடம்பு நடுங்கியதால் தன் உருவம் தெளிவாக விழவில்லை என்று நாட்குறிப்பில் அவரே எழுதியிருக்கிறார். இன்றும் அந்தப் படத்தில் அவர் முகம் அப்படியேதான் இருக்கிறது.

இதை 'மங்கல்' என்றால், நாள்பட நிறம் வெளுத்த படம் என்றுதான் வாசிப்பவர் நினைப்பார். குவியம் (ஃபோகஸ்) தவறிய படமும் இல்லை. ஆள் அசைந்ததால் வந்தது. மூன்றுக்கும் மூன்று சொல் வேண்டும்.

ஓவியத்துக்கு இந்தச் சிக்கலே கிடையாது. 1840-இல் நடந்த விக்டோரியாவின் சொந்தத் திருமணத்தை ஓவியர் ஜார்ஜ் ஹெய்டர் வரைந்து முடிக்க 1842 ஆனது. கல்யாணம் முடிந்த பிறகு அரசி அதே மண உடையை மறுபடி உடுத்தி அவர் முன் உட்கார்ந்தார். நடுக்கம் தூரிகைக்குத் தெரிய வாய்ப்பில்லை. தகடுதான் அதைப் பிடித்து வைத்தது. அதனாலேயே எனக்கு இந்தச் சொல் சரியாக அமைய வேண்டும் என்று இருக்கிறது.

'கலங்கல்' என்றதும் ஏரியில் உபரிநீர் வழியும் இடம் நினைவுக்கு வருகிறது என்று அம்மா ஒருவர் எழுதியிருந்தார்கள். உண்மைதான். 'அசைவு' முன்னால் நின்றால் அந்தக் குழப்பம் வராது. அசைந்த நீர் கலங்குவது நமக்கெல்லாம் தெரிந்த காட்சி.

எனக்கு உறுத்துவது வேறு. 'கலங்கிய முகம்' என்றால் வருந்திய முகம் என்று பொருளாகிவிடும். மகளை அனுப்பும் தாய்க்கு அது பொருந்தலாம். சிரித்துக்கொண்டே தலையைத் திருப்பிய குழந்தைக்குப் பொருந்தாது. எனவே பெயர்ச்சொல்லாக மட்டும் வைத்துக்கொள்வோம்: 'அரசியின் முகத்தில் அசைவுக்கலங்கல் உள்ளது.'

அப்புறம், ஆள் அசையாமல் கேமரா ஆடினாலும் இதே சொல்தானா, இல்லை 'கருவி அசைவு' என்று பிரிக்கலாமா? படம் எடுக்கும் நண்பர்கள் சொல்லுங்கள்.