முதல் பக்கத்துக்கு எவ்வளவு? இலங்கை மலையகத்தில் எஸ்.இ.ஓ. (கூகுள் தேடலில் சைட்டை முன்னுக்குக் கொண்டுவரும்) வேலைக்கு விலை பேசுவது பற்றி

பண்டாரவளையிலிருந்து

எல்ல ஊர்ப் பக்கம் ஆறு அறையுள்ள கெஸ்ட் ஹவுஸ் ஒன்றுக்கு விலைமனு கொடுக்கணும். வேர்ட்பிரஸில் செய்த சைட் இருக்கு, கூகுள் மெப்பில் பெயரும் வருது. ஆனா ஆள் வருவது எல்லாம் புக்கிங் டொட் கொம் வழியாத்தான். முதலாளி கேட்பது ஒரே கேள்வி: "முதல் பக்கத்துக்கு வர மாசம் எவ்வளவு?" மாதக் கட்டணமா, மொத்தமா, மணிக்கணக்கா, எப்படிப் போடுறீங்க? கையில் பட்ட வேலைகளை வைத்துச் சொன்னால் உதவியா இருக்கும்.

ஹட்டனிலிருந்து

தம்பி, அந்தக் கேள்விக்கு விலை போடவே போடாதீங்க. முதலிடத்துக்கு யாராலும் உத்தரவாதம் தர முடியாது என்று கூகுளே தன் உதவிப் பக்கத்தில் எழுதி வைத்திருக்கு. செய்த வேலையின் பலன் தெரிய நாலு மாதத்திலிருந்து ஒரு வருடம் வரை பிடிக்கும் என்பதும் அங்கேயே இருக்கு. இந்த இரண்டையும் விலைமனுவின் தலையில் போட்டுட்டுத்தான் மற்றதை எழுதணும்.

நாம விற்பது மணித்தியாலம். ஆறு அறை சைட்டுக்கு முதல் மாதம் இப்படிப் பிரிக்கலாம்: ஆய்வு 6 மணி, பழுது பார்க்க 8, புதுப் பக்கம் நாலு எழுத ஒன்றுக்கு 3 மணி வீதம் 12, கூகுள் பிசினஸ் புரொபைலுக்கு (மெப்பில் வரும் தொழில் பதிவு) 3, ரிப்போர்ட்டும் போன் பேச்சும் 3. மொத்தம் 32. அடுத்தடுத்த மாதங்களுக்கு 10 மணி போதும். முதல் மாதத்தையும் மற்ற மாதங்களையும் ஒரே தொகையில் போட்டால் முதல் மாதம் உங்களுக்கு நட்டம், ஐந்தாம் மாதம் அவருக்குச் சந்தேகம்.

மணிவிலையைப் பக்கத்து ஆளைப் பார்த்து வைக்கக் கூடாது. வீட்டுச் செலவு, இணையம், கரண்ட், டூல் சந்தா, வரி எல்லாம் கூட்டி மாதம் 150,000 ரூபா தேவை என்று வைப்போம். மாதம் 160 மணி உழைத்தாலும் பில் போடக்கூடியது 100 மணிதான். மீதி பேச்சு, விலைமனு, படிப்பு, பணம் கேட்டு அலைவது. அப்போ மணிக்கு 1,500. அதை 160ஆல் வகுத்து 940 சொல்லுற ஆள்தான் மூன்றாம் மாதம் போன் எடுக்காமல் போறவர். இந்த எண்கள் கணக்குக் காட்ட எடுத்தவை. உங்க எண்ணை நீங்க போடுங்க.

இன்னொன்று: டூல் சந்தா டொலரில் வெட்டுப்படும். 2022இல் டொலர் 200 ரூபாவிலிருந்து 360 பக்கம் போனபோது, வருடத்துக்கு ஒரே தொகை என்று ரூபாவில் கையெழுத்துப் போட்டவங்க மாட்டினாங்க. மூன்று மாதத்துக்கு ஒருமுறை விலையைத் திருத்தலாம் என்று ஒரு வரி கட்டாயம் வேணும்.

மஸ்கெலியாவிலிருந்து

ஹட்டன் அண்ணன் சொன்னதோடு ஒன்று சேர்க்கணும். நம்ம பக்கத்தில் எஸ்.இ.ஓ. விற்கிறவங்களுக்குப் பெரிய கூட்டாளி சீசன்.

சிவனொளிபாதமலை சீசன் டிசம்பர் போயாவில் (பௌர்ணமி நாள்) தொடங்கி வெசாக் போயாவில் முடியும். ஒக்டோபரில் ஒப்பந்தம் போட்டால், எதுவும் செய்யாமல் கையைக் கட்டிக்கொண்டிருந்தாலும் ஜனவரியில் சைட்டுக்கு ஆள் வரும் கிராப் ஏறும். மலை அடிவாரத்து நல்லதண்ணி லாட்ஜ் முதலாளிக்கு அந்தப் படத்தைக் காட்டி பில் வாங்கிறாங்க. ஜூனில் அது சரியும்போது "கூகுள் அப்டேட் வந்துட்டுது" என்று ஒரு கதை. அதே ஏமாற்று எதிர்த்திசையிலும் உண்டு: நுவரெலியாவில் ஏப்ரல் சீசன் முடிந்து மே மாதம் வேலையை எடுத்த நல்ல ஆள், கிராப் இறங்குவதைப் பார்த்த முதலாளியிடம் வீணாப் பேச்சு வாங்குவார்.

இதைப் பிரித்துப் பார்க்கும் வழி சேர்ச் கன்சோலிலேயே (தேடலில் சைட் எப்படித் தெரியுது என்று கூகுள் காட்டும் இடம்) இருக்கு. போன மாதத்தோடு ஒப்பிடாமல் போன வருடத்து அதே காலத்தோடு ஒப்பிடுங்க. அது 16 மாதத் தரவுதான் வைத்திருக்கும், அதனால வேலை எடுத்த முதல் நாளே முழுவதையும் இறக்கி ஒரு ஷீட்டில் வையுங்க. போயாவைப் பார்த்து ஒப்பிடணும், தேதியைப் பார்த்து அல்ல. வெசாக் 2024இல் மே 23, 2025இல் மே 12. நேர் தேதிக்கு வைத்தால் கடைசிக் கூட்டம் ஒரு வருடக் கணக்கில் இருக்கும், மற்றதில் இருக்காது.

பிறகு, லாட்ஜின் சொந்தப் பெயரைத் தேடி வந்த கிளிக்கை வடிகட்டி எடுத்துடுங்க. மிஞ்சுவதில், காட்சி எண்ணிக்கை (தேடலில் சைட் தெரிந்த தடவை) கூடி இடம் அப்படியே நின்றால் அது சீசன். காட்சி அதே அளவில் இருக்க 14ஆம் இடத்திலிருந்து 6க்கு வந்திருந்தால் அது வேலை. ஒட்டுமொத்தச் சராசரி இடத்தை நம்பாதீங்க: புதுச் சொற்களுக்குத் தூரத்தில் தெரியத் தொடங்கினாலே சராசரி கெட்டுப்போன மாதிரிக் காட்டும். பத்துப் பதினைந்து சொல்லை ஆரம்பத்திலேயே முடிவு செய்து, அவற்றை மட்டும் தனித்தனியாப் பாருங்க.

பதுளையிலிருந்து

சொல் தெரிவு பற்றி யாரும் பேசல்லையே. வெளியூர் ஏஜென்சிகள் நம்ம ஊரில் தடுமாறுவது இதில்தான்.

நல்லதண்ணிக்கு ஆங்கிலத்தில் டல்ஹவுசி என்று ஒரு பெயர். அதே பெயரில் இந்தியாவின் ஹிமாச்சலில் மலைநகரம் ஒன்று இருக்கு, கனடாவில் பல்கலைக்கழகம் இருக்கு. "டல்ஹவுசி ஹோட்டல்" என்ற சொல்லைக் குறிவைத்தால் மோதுவது இந்திய ஹோட்டல்களோடு. ஹட்டன் என்றால் வங்கி வரும், லண்டனின் நகைத் தெரு வரும். எல்ல என்பது ஆங்கிலத்தில் பெண்பிள்ளையின் பெயர். அதனால ஊர்ப் பெயரைத் தனியா விடாமல் பக்கத்துக் காட்சியோடு கட்டணும்: ஒன்பது வளைவுப் பாலம், தெமோதரை, லிப்டன் சீட், நானுஓயா ஸ்டேஷன். "ஒன்பது வளைவுப் பாலத்துக்கு நடந்து போகும் தூரத்தில் அறை" என்று தேடுபவர், வெறுமனே "எல்ல" என்று தேடுபவரைவிட புக் பண்ண நெருங்கிய ஆள்.

தமிழிலும் ஒரே ஊருக்குப் பல எழுத்து. நுவரெலியா, நுவரேலியா, நூரளை. ஹட்டன், அட்டன். ஒவ்வொன்றுக்கும் ஒரு பக்கம் போட வேண்டாம், ஒரே பக்கத்தில் இயல்பாக வந்தால் போதும். ஏப்ரல் சீசனுக்கு யாழ்ப்பாணம், மட்டக்களப்பு, கொழும்பிலிருந்து வரும் குடும்பங்களுக்குத் தமிழ்ப் பக்கம் பிரயோசனம். தேடுவோர் தொகை சிறிசுதான், போட்டியும் இல்லை. "சைவச் சாப்பாடு உண்டா, வேன் நிறுத்த இடம் உண்டா, சுடுதண்ணி உண்டா" என்ற மூன்றுக்கும் அதில் பதில் இருக்கட்டும். ஆங்கிலப் பக்கமும் தமிழ்ப் பக்கமும் ஒன்றையொன்று எச்-ரெஃப்-லாங் குறியால் (எந்த மொழிக்கு எந்தப் பக்கம் என்று கூகுளுக்குச் சொல்வது) சுட்டணும். ஒன்று மட்டும் சுட்டி மற்றது திருப்பிச் சுட்டாவிட்டால் கூகுள் அந்தக் குறியைக் கண்டுகொள்ளாது.

நானுஓயாவிலிருந்து

விலைக்கு முன்னால சாவி யார் கையில் என்று பாருங்க. மலையகத்தில் பாதி வேலை இதில்தான் கிடந்து இழுபடுது.

வழக்கமான நிலைமை: பிசினஸ் புரொபைலைச் சைட் செய்த பையனின் சொந்த ஜிமெயிலில் திறந்திருப்பாங்க, பையன் இப்போ கட்டாரில். உரிமை கேட்டு கூகுள் மூலம் விண்ணப்பித்தால், இப்போ உரிமை வைத்திருக்கிறவருக்குப் பதில் சொல்ல 3 நாள் அவகாசம். பதில் வராவிட்டால் நாமே சரிபார்ப்புக்குப் போகும் வழி திறக்கலாம். புதிதாகச் சேர்ந்த உரிமையாளருக்கு முதல் 7 நாள் மற்றவரை நீக்கும் அதிகாரம் இருக்காது, அதனால பழைய ஆளை அன்றைக்கே எடுக்க முடியல்லை என்று பதறாதீங்க.

வீடியோச் சரிபார்ப்பு வந்தால், வெட்டாத ஒரே ஓட்டமாக எடுக்கணும். இடம் எது, தொழில் நடக்குதா, நீங்க நடத்துறவர்தானா, மூன்றும் தெரியணும். தோட்டப் பாதையில் தெருப் பெயர்ப் பலகை ஏது? மெயின் ரோட்டுச் சந்திப் பலகையில் தொடங்கி, சொந்தப் பெயர்ப் பலகை, பிறகு ரிசெப்ஷன் கதவைச் சாவி போட்டுத் திறப்பது, உள்ளே அறைச் சாவிகளும் வரவுப் புத்தகமும். முகங்கள் வேண்டாம். பின்னேரம் எடுத்தால் மூடுபனியில் பலகை வாசிக்க முடியாது, விடிய ஏழு எட்டு மணிக்குள் எடுங்க. சிக்னல் பலவீனமான இடத்தில் வீடியோ ஏறாமல் நின்றுவிடும், ஏற்றி முடியும்வரை போனை வைஃபையில் வையுங்க.

மெப் புள்ளியையும் பாருங்க. முகவரியில் தோட்டப் பெயரும் டிவிஷன் பெயரும்தான் இருக்கும், கூகுள் அதைத் தொழிற்சாலை வாசலில் கொண்டுபோய்க் குத்திவிடும். த்ரீவீல்காரர் ஆளை அங்கே இறக்குவார், ஒரு நட்சத்திர விமர்சனம் நமக்கு.

விளம்பரக் கணக்கும் அப்படித்தான். கூகுள் அட்ஸ் கணக்கை முதலாளி பெயரில் திறந்து, உங்க மெனேஜர் கணக்கோடு இணையுங்க. நாணயம் திறக்கும்போது தேர்ந்தது தேர்ந்ததுதான், பிறகு மாற்ற முடியாது. டொமைன், ஹோஸ்டிங் இரண்டும் அவர் பெயரில், அவர் போன் நம்பரில்.

ஹட்டனிலிருந்து

நானுஓயா தங்கச்சி சொன்னதைச் செய்ய 3 மணி போதாது, புரொபைலுக்கு 6 போடுங்க. என் கணக்கைத் திருத்திக்கொள்றேன்: முதல் மாதம் 35.

ஆய்வில் முதலில் பார்க்க வேண்டியதையும் சொல்லிடுறேன். வேர்ட்பிரஸ் வாசிப்பு அமைப்பில் "தேடுபொறிகள் வர வேண்டாம்" என்ற பெட்டி. சைட் கட்டும்போது டிக் பண்ணி, எடுக்க மறந்துபோறது. மாதக்கணக்காகப் பணம் வாங்கினவங்களும் இதைப் பார்க்காமல் விட்டிருக்காங்க. அடுத்து படம்: போனில் எடுத்த தேயிலை மலைப் படத்தை 5 எம்பியாக அப்படியே போட்டிருப்பாங்க. அகலம் 1,600 பிக்சலாக்கி வெப்பி (WebP) வடிவில் 200 கேபிக்குள் கொண்டுவாங்க. பிரதான படம் தெரிய 2.5 செக்கனுக்குள், தொட்டால் பதில் 200 மில்லிசெக்கனுக்குள், பக்கம் குதிக்கும் அளவு 0.1க்குள், இதுதான் கூகுளின் அளவு. தொட்டால் பதில் என்பது 2024 மார்ச்சில் பழைய அளவுக்குப் பதிலாக வந்தது, அதற்கு முந்தின ரிப்போர்ட் மாதிரிகளில் இருக்காது.

மூன்றாவது, புக்கிங் டொட் கொமில் உள்ள அறை விவரத்தை அப்படியே சைட்டில் ஒட்டியிருப்பது. அதே வரிகள் இரண்டு இடத்தில் இருந்தால் பெரிய தளம்தான் மேலே நிற்கும். நாலாவது, புது சைட்டுக்கு மாறும்போது பழைய முகவரிகளை 301 (நிரந்தரத் திருப்பம்) போட்டுத் திருப்பாமல் விட்டது. இதைக் குறைந்தது ஒரு வருடம் வைத்திருக்கணும்.

"ஆயிரம் பேக்லிங்க் (வேறு சைட்டுகளிலிருந்து நம்ம சைட்டுக்கு வரும் லிங்க்) 5,000 ரூபா" என்று யாராவது வந்தால் வாசலிலேயே அனுப்பிடுங்க. காசு கொடுத்துக் கட்டும் லிங்க்குக்கு கூகுளின் 2012 பெங்குவின் அப்டேட்டிலிருந்தே அடி விழுது. விலைகொடுத்து வாங்கும் விமர்சனமும், தேநீர் இலவசம் என்று சொல்லி வாங்கும் விமர்சனமும் கூகுள் விதிக்கு எதிர்தான்.

கண்டியிலிருந்து

முதலாளியிடம் விலையை நியாயப்படுத்த ஒரு கணக்கு. அறை 12,000, புக்கிங் டொட் கொம் தரகு 15 சதவீதம் என்றால் ஓர் இரவுக்கு 1,800 போகுது. மாதக் கட்டணம் 15,000 என்றால் நேரடியாக 9 இரவு விற்றால் கட்டணம் திரும்பிடும். ஆறு அறைக்கு மாதம் 180 இரவு. இதைக் காகிதத்தில் எழுதிக் காட்டினால் "முதல் பக்கம்" பேச்சு தானா நிற்கும். ஆனா சைட்டில் வட்ஸ்அப் பொத்தானும் அறை விலையும் இல்லாவிட்டால் இந்த 9உம் வராது. அதை முதலில் வையுங்க, எஸ்.இ.ஓ. பிறகு.

இந்தத் தொழிலுக்குள்ள வர நினைக்கும் தம்பி தங்கச்சிகளுக்கு: கூகுளின் பயிற்சித் தளமான ஸ்கில்ஷொப்பின் சான்றிதழ் இலவசம், விளம்பரச் சான்று ஒரு வருடம்தான் செல்லும். அதைவிட, சொந்தமா ஒரு சின்ன சைட் நடத்தி அதன் சேர்ச் கன்சோலைத் திறந்து காட்டுவது நேர்முகத்தில் எடுபடும். தமிழ், சிங்களம், ஆங்கிலம் மூன்றிலும் எழுதத் தெரிந்தால் அதைத் தனி வேலையா விலை போடுங்க, இனாமாச் சேர்க்காதீங்க. ஃபைவர் என்ற ஃப்ரீலான்ஸ் தளத்தில் 20 சதவீதம் பிடிப்பாங்க, 100 டொலர் வேலைக்குக் கையில் 80. லண்டன் ஏஜென்சிக்குச் செய்தால் அங்கே காலை 9 இங்கே பிற்பகல் 2.30, அவங்க கோடைகாலத்தில் 1.30. இரவு எட்டு ஒன்பது வரை வேலை இழுக்கும், அதை மணிவிலையில் சேருங்க. வெளிநாட்டுச் சேவை வருமானமும் 2025 ஏப்ரல் 1 முதல் வரிக்குள் வந்துட்டுது, உச்ச வீதம் 15 சதவீதம். வருடத்துக்கு 18 இலட்சம் வரை விலக்கு.

மஸ்கெலியாவிலிருந்து

ஒப்பந்தத்தில் அரைப்பேர் (தோட்டத்தில் அரைநாள் சம்பளம்) விவகாரம் வராமல் பாருங்க. கொழுந்து குறைஞ்சால் அரைப்பேர் போடுற மாதிரி, "இந்த மாசம் இடம் ஏறல்லை, பாதிதான் தருவேன்" என்பாங்க. செய்த மணியின் பட்டியலை மாதக் கடைசியில் ரிப்போர்ட்டோடு இணைத்துக் கொடுத்தால் அந்தப் பேச்சுக்கு இடமில்லை. நீங்க பட்டியல் கொடுக்காவிட்டால் அவர் கேட்பதில் தப்பும் இல்லை.

பண்டாரவளையிலிருந்து

எல்லாருக்கும் நன்றி. இப்படிப் போட்டிருக்கேன்: முதல் மாதம் 35 மணி, 52,500. இரண்டாம் மாதத்திலிருந்து 10 மணி, 15,000. ஆறு மாதம், மூன்றில் விலைத் திருத்தம். கணக்குகள் எல்லாம் முதலாளி பெயரில். 12 சொல், போன வருடத்து அதே காலத்தோடு ஒப்பீடு. மாதக் கடைசியில் மணிப் பட்டியல். எழுத்துக்கும் படத்துக்கும் அவர் 7 நாளுக்குள் பதில் தரணும், பிந்தினால் வேலையும் பிந்தும். சரியா அண்ணே?

ஹட்டனிலிருந்து

அட்வான்ஸ் வரியைக் காணோமே. முதல் மாதத்தில் பாதி, 26,250, கையில் வந்த பிறகுதான் சேர்ச் கன்சோலைத் திறக்கணும். அதைச் சேர்த்துட்டு அனுப்புங்க.