முடியை நேராக்கும் ரீபாண்டிங் பண்ணாமல் இந்த நெளிமுடியைச் சமாளிக்க வழி உண்டா?

ஈசூன்காரி:
எனக்கு நெளிமுடி. சுருட்டை என்றும் சொல்ல முடியாது, கோரைமுடி என்றும் சொல்ல முடியாது. உச்சியில் படிந்து கிடக்கும், காதுக்குக் கீழே இஷ்டத்துக்கு வளையும். தலைக்குக் குளித்துவிட்டு வரும்போது பார்த்தால் அழகாக நெளிநெளியாக இருக்கிறது, அதைச் சீவிக்கொண்டு புளோக்கிலிருந்து இறங்கி எம்ஆர்டி ரயிலுக்கு நடப்பதற்குள் பரட்டையாகி நாலாபக்கமும் எழும்பி நிற்கிறது. அப்புறம் ஆபீஸ் ஏர்கானில் நாள் முழுக்க உட்கார்ந்தால் மேல்பாதி சப்பென்று அமுங்கி, நுனி மட்டும் துடைப்பம் மாதிரி ஆகிவிடும்.

பள்ளியில் எண்ணெய் தேய்த்து இரட்டைப் பின்னல், அதனால் இந்தத் தொல்லை தெரியவே இல்லை. இப்போது விரித்துவிட ஆசை. ஆனால் சித்தி என்னைப் பார்த்ததும் சொல்வது “தலையைச் சீவக் கூடாதா?” என்பதுதான். சித்தி மகளுக்கு டிசம்பரில் கல்யாணம், “பேசாமல் ரீபாண்டிங் பண்ணிக்கொள்” என்று குடும்பமே முடிவு செய்துவிட்டது. சலூனில் நூற்றுக்கணக்கில் வெள்ளி (டாலர்) கேட்கிறார்கள். காணொளிகளில் குளிர்நாட்டுக்காரர்கள் பூசும் கெட்டிக் கிரீமை வாங்கிப் பூசினால் தலை முழுக்கப் பிசுபிசுப்பு.

நம் சிங்கப்பூர்ப் புழுக்கத்தில் நெளிமுடியை விரித்துவிட்டு வேலைக்குப் போகிறவர்கள் என்னதான் செய்கிறீர்கள்? காலையில் எனக்கு அரை மணி நேரத்துக்கு மேல் கிடைக்காது.

கறிவேப்பிலை:
முதலில் அந்தச் சீப்பைத் தூர வையுங்கள். காய்ந்த நெளிமுடியைச் சீவினால் சேர்ந்து நெளியும் கற்றைகள் எல்லாம் பிரிந்து, ஒவ்வொரு முடியும் தனித்தனியாக எழும்பும். உங்கள் பரட்டைக்குப் பாதிக் காரணம் அதுதான். மீதிப் பாதி நம் காற்று. இங்கே ஈரப்பதம் சராசரியாக 80 விழுக்காட்டுக்கு மேல், விடியற்காலையில் 90ஐத் தாண்டும், மழையில்லாத நாளின் பிற்பகலில்தான் 60 அளவுக்கு இறங்கும். நீங்கள் வேலைக்குக் கிளம்பும் நேரம்தான் முடிக்கு மோசமான நேரம்.

முடி நனையும்போது அதற்குள் இருக்கும் ஹைட்ரஜன் பிணைப்புகள் அறுந்துவிடும், காயும்போது திரும்பச் சேரும். எந்த வடிவத்தில் காய்கிறதோ அந்த வடிவத்தில் நிற்கும். அதனால் செய்ய வேண்டியதை எல்லாம் முடி சொட்டச் சொட்ட இருக்கும்போதே செய்துவிட வேண்டும், அதன் பிறகு முழுக்கக் காயும்வரை கையை வைக்கவே கூடாது. இதில்தான் பலருக்குப் பொறுமை போய்விடுகிறது.

நான் செய்வது இது. குளிக்கும்போதே கண்டிஷனர் போட்டு, அது தலையில் இருக்கும்போதே அகலப்பல் சீப்பால் சிக்கெடுத்து, அலசிவிடுவேன். அன்றைக்குச் சீப்புக்கு வேலை அத்தோடு முடிந்தது. தண்ணீர் சொட்டும் முடியில் ஜெல்லைத் தடவி, குனிந்து, நுனியை உள்ளங்கையில் அள்ளிக் கீழிருந்து மேலாக அமுக்கிவிடுவேன். அப்புறம் பழைய பருத்தி டீ-சட்டையால் அதே மாதிரி அமுக்கி ஈரம் எடுப்பேன். டர்க்கித் துண்டால் பரபரவென்று துவட்டினால் பட்ட பாடெல்லாம் வீண். காய்ந்ததும் ஜெல் மொறமொறவென்று இருக்கும், பயப்படாதீர்கள், கையால் கசக்கிவிட்டால் மொறமொறப்பு போய் நெளி மட்டும் நிற்கும்.

கிரீமை விடுங்கள். ஷியா வெண்ணெய் போட்ட கெட்டிச் சாமான்கள் எல்லாம் நல்ல சுருட்டைக்கு, நம்முடையதை அவை படுக்க வைத்துவிடும். ஜெல் வாங்கும்போது பொருள் பட்டியலைப் பாருங்கள், முதல் நாலைந்துக்குள் கிளிசரின் இருந்தால் நான் எடுக்க மாட்டேன். அது காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும், நம் ஊரில் ஈரத்துக்கா பஞ்சம்? ஆனால் இது எல்லாருக்கும் ஒரே மாதிரி இல்லை, என் தங்கைக்குக் கிளிசரின் ஒன்றும் செய்வதில்லை.

ஈசூன்காரி:
நன்றி அக்கா. ஆனால் காலையில் சொட்டச் சொட்ட ஆரம்பித்தால் எப்போது காய்வது? முந்தின இரவு ஈரத்தோடு கொண்டை போட்டுப் படுத்தால் காலையிலும் உள்ளே ஈரமாகவே இருக்கிறது, ஒரு வாடை வேறு.

கறிவேப்பிலை:
ஈரக்கொண்டை வேண்டவே வேண்டாம். சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் தலைக்குக் குளியுங்கள், சாப்பிட்டு முடிக்கும்வரை மின்விசிறிக்குக் கீழே விடுங்கள், மிச்சத்தை ஹேர் டிரையரில் டிஃப்யூசர் (காற்றைப் பரப்பிவிடும் கிண்ணம் போன்ற முனை) மாட்டி, குறைந்த சூட்டில், முடியை அதன்மேல் ஏந்திப் பிடித்துக் காய வையுங்கள். டிஃப்யூசர் இல்லாத டிரையர் முடியை ஊதிக் கலைத்துவிடும். படுக்கும்போது உச்சந்தலையில் தளர்வாக ஒரு கொண்டை, வழுவழுப்பான சாட்டின் தலையணை உறை. காலையில் அவிழ்த்து, கையை நனைத்துக்கொண்டு கலைந்த இடத்தை மட்டும் அமுக்கினால் போதும், பத்து நிமிட வேலை.

கத்தரிக்கோல்:
சலூனில் வேலை பார்த்தவள் என்பதால் ரீபாண்டிங் பற்றி மட்டும் சொல்கிறேன். அக்கா சொன்ன ஹைட்ரஜன் பிணைப்பு தண்ணீருக்கே அறுந்துவிடும். ரீபாண்டிங்கில் அறுப்பது அதைவிட வலுவான டைசல்ஃபைடு பிணைப்பை. தயோகிளைகோலேட் கலந்த மருந்து போட்டு அதை உடைத்து, இஸ்திரி போட்டு நேராக்கி, ஹைட்ரஜன் பெராக்சைடு போட்டு அந்த நேர் வடிவத்திலேயே பூட்டிவிடுவோம். பூட்டிய முடிக்குத் திரும்ப நெளிவு வராது. ஆனால் வேர் தன்பாட்டுக்கு நெளிந்தே முளைக்கும், மாதத்துக்கு ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர். ஆறு மாதத்தில் மேலே நெளி, கீழே கோரை. மறுபடி சலூனுக்கு வந்தாக வேண்டும், இரண்டும் சேரும் இடத்தில் முடி உடையவும் செய்யும். தினமும் நேரான முடிதான் வேண்டும் என்றால் பண்ணிக்கொள்ளுங்கள், அதில் தப்பில்லை. ஒரு கல்யாணத்துக்காக என்றால் நான் பண்ண மாட்டேன்.

முடியை நேராக்க சலூனில் பூசும் கெரட்டின் மருந்து அப்படி இல்லை, சில மாதங்களில் கழுவிப் போய்விடும். ஆனால் சில மருந்துகளில் இஸ்திரி சூட்டில் ஃபார்மால்டிஹைடு ஆவி வரும், கண் எரியும், தொண்டை கரகரக்கும். டப்பாவில் மெத்திலீன் கிளைக்கால் என்று இருந்தாலும் அதுவேதான். பட்டியலைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள், காட்டத் தயங்கும் இடத்தில் உட்கார வேண்டாம்.

தேக்கோங்மொட்டை:
ஆண்பிள்ளை கருத்துச் சொல்லலாமா 😅 தேசிய சேவை (கட்டாய ராணுவ சேவை) முடிந்து முடி வளர்த்தபோதுதான் எனக்கு நெளி இருப்பதே தெரிந்தது. முடி வெட்டப் போனால் பல் வைத்த கத்தரியால் அடர்த்தியைக் குறைக்க விடாதீர்கள். உள்ளே குட்டைக் குட்டையாக முடி நின்று மேலே இருப்பதைத் தள்ளிக்கொண்டே இருக்கும், எந்த ஜெல்லுக்கும் அது அடங்காது.

அரப்புத்தூள்:
தேங்காய் எண்ணெயை ஒருவரும் சொல்லவில்லையே! எங்கள் ஆச்சி ராத்திரி முழுக்க எண்ணெய் வைத்து மறுநாள் சீயக்காய் போட்டுத்தான் அலசுவார், கடைசிவரை ஷாம்பூவைத் தொட்டதில்லை, இடுப்புக்கு முடி. இந்த ஜெல் காசெல்லாம் தண்டம்.

கறிவேப்பிலை:
எண்ணெய் நல்லதுதான், நானும் வைக்கிறேன். தேங்காய் எண்ணெய் முடிக்குள்ளேயே இறங்கும், அலசும்போது புரதம் போவதைக் குறைக்கும். ஆனால் குளிப்பதற்கு ஒரு மணி நேரம் முன்னால், நடுமுடியிலிருந்து நுனிவரை, அவ்வளவுதான். பொடுகு வருகிற தலையில் இரவு முழுக்க எண்ணெய் ஊறினால், அதைத் தின்று வாழும் மலசீசியா என்ற பூஞ்சைக்குத்தான் விருந்து. குளித்த பிறகு எண்ணெய் வைத்தால் நெளி படுத்துவிடும். சீயக்காயை வீட்டில் அரைத்தால் நன்றாகச் சலித்துக்கொள்ளுங்கள், துணுக்குகள் நெளிக்குள் மாட்டினால் எடுத்து முடியாது.

ஜெல்லுக்குக் காசு வேண்டாம் என்றால் ஆளிவிதை. முஸ்தபாவிலும் தேக்கா மளிகைக் கடைகளிலும் கிடைக்கும். கால் கப் விதைக்கு இரண்டு கப் தண்ணீர், கிண்டிக்கொண்டே கொதிக்கவிட்டு, முட்டை வெள்ளைக்கரு பதத்துக்கு வந்ததும் சூட்டோடு மெல்லிய துணியில் வடித்துவிடுங்கள். ஆறவிட்டால் கெட்டியாகி வடியவே வடியாது. குளிர்பதனப் பெட்டியில் ஒரு வாரம் இருக்கும், அதற்குமேல் வைக்காதீர்கள்.

ஈசூன்காரி:
ஆளிவிதை இந்த வாரமே. கடைசியாக ஒன்று, கல்யாணத்துக்கு விரித்துவிட்டால் மல்லிகைப்பூவை எங்கே வைப்பது? சித்தி பூ இல்லாமல் விடமாட்டார்.

கத்தரிக்கோல்:
பாதி முடியை மேலே எடுத்துப் பின்னால் கட்டி, கட்டிய இடத்தைச் சுற்றிச் சரத்தைக் குத்திவிடுங்கள், கீழே நெளி தொங்கட்டும். ஜெல் முழுக்கக் காய்ந்து கசக்கிவிட்ட பிறகுதான் பூ, ஈரத்தில் வைத்தால் பூவும் வாடும் முடியும் ஒட்டும். டிசம்பர் மழைக்காலம், கைப்பையில் நாலு கொண்டை ஊசி கூடுதலாக இருக்கட்டும்.